வானொலி நேயர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்து கூட்டங்கள் நடந்தன. மழையால் இரண்டு நின்றுபோயின. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

போன பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, போர் ஓய்ந்த நாட்டில் வானொலி மறுபடி எப்படி எழுகிறது என்று பேச மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனை எடுத்துக்கொண்டோம். அங்கே 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். 1999 ஜனவரியில் கிளர்ச்சிப்படை தலைநகர் ஃப்ரீடவுனுக்குள் புகுந்தபோது, செய்தியாளர்களைத் தேடித் தேடிக் கொன்றது. அடுத்த ஆண்டே ஐ.நா. அமைதிப்படை அங்கே ஒரு வானொலியைத் தொடங்கியது. அதே காலத்தில் 'டாக்கிங் டிரம்' ஸ்டுடியோ, பிள்ளைகளையே செய்தியாளர்களாக்கி 'கோல்டன் கிட்ஸ் நியூஸ்' நிகழ்ச்சியைத் தயாரித்தது. துப்பாக்கி தூக்க வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளும் அதில் மைக் பிடித்தார்கள் என்று வாசித்தபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

பிப்ரவரி 13, உலக வானொலி நாளன்று பேச்சு பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மூத்த உறுப்பினர் ஒருவர் பையிலிருந்து பேட்டரி ரேடியோவை எடுத்து மேசைமேல் வைத்தார். "கேட்கிறவனுக்கு நாலு பேட்டரி போதும். நிலையத்துக்கு?" என்றார். அங்கிருந்துதான் உண்மையான விவாதம் தொடங்கியது. சியரா லியோனில் பல நிலையங்கள் ஜெனரேட்டரில்தான் ஓடின. டீசல் காசு இல்லையென்றால் ஒலிபரப்பும் இல்லை. அப்புறம் அந்தக் காசை யார் கொடுக்கிறார்களோ அவர்கள் குரல் செய்தியில் ஏறிவிடும்.

ஐ.நா. வானொலியைப் பூட்டிவிட்டுப் போகாமல், 2009-இல் சட்டம் இயற்றி, 2010-இல் அரசு வானொலியோடு இணைத்துப் பொது ஒலிபரப்பு நிறுவனம் ஆக்கினார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் பணமுடை தீரவில்லை. அவதூறு எழுதினால் சிறை என்ற 1965-ஆம் ஆண்டுச் சட்டமும் 2020 வரை அப்படியே இருந்தது. போர் முடிந்து பதினெட்டு வருடம்! டிரான்ஸ்மிட்டர் வாங்கித் தர வெளிநாடுகள் முன்வந்த வேகத்தில் இந்தச் சட்டத்தை நீக்க உள்ளூர் ஆட்சியாளர்கள் அவசரப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வரும் ஆண்டுக்கு காங்கோவின் ரேடியோ ஒகாபியை எடுக்கலாம் என்பது செயற்குழுவின் எண்ணம். 2002-இல் தொடங்கி, பிரெஞ்சோடு நான்கு உள்நாட்டு மொழிகளிலும் பேசும் நிலையம் அது. முதல் கூட்டத்தில் பேச விரும்புகிறவர்கள் தேநீர் நேரத்தில் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்