ஆடியில் வமனமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஆடி மாத உடல்நலக் கட்டுரையில் ஒரு வரி: 'காலையில் வெறும் வயிற்றில் நாலு டம்ளர் உப்புத் தண்ணீர் குடித்து, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுங்கள், செலவில்லாத வமன சிகிச்சை வீட்டிலேயே முடிந்தது.' செலவில்லை என்பது வாஸ்தவம்தான், ஆஸ்பத்திரியில் சேர்க்கும்வரை.

முதலில் மாதமே தப்பு. நலமாக இருப்பவருக்கு வசந்தத்தில் வமனம் எனும் வாந்தி சிகிச்சை, மழை முடிந்து வரும் சரத் காலத்தில் பேதி, ஆடி சேரும் மழைக்காலத்தில் வஸ்தி எனும் எனிமா. ஆயுர்வேதம் படிக்கும் மாணவன் தொடக்கத்திலேயே கற்பது இது; தாங்களும் அறியாததல்ல. கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கர்க்கடகம் (மலையாள ஆடி) பிறந்ததும் 'பஞ்சகர்மா' போர்டு தொங்குகிறது என்பதற்காக, உடலைச் சுத்தம் செய்யும் அந்த ஐந்து கர்மமும் ஆடிக்கு உரியவை ஆகிவிடாது.

கட்டுரையாளர் எழுதியிருப்பது யோகத்தில் வரும் குஞ்ஜல் கிரியையை, உப்பு நீர் குடித்து வெளியேற்றும் பயிற்சியை. வமனம் வேறு. இரண்டு மூன்று நாள் பசியைத் தூண்டும் மருந்து, பிறகு நெய். 30 மில்லியில் தொடங்கி, செரிமானத்தைப் பார்த்து நாளுக்கு நாள் கூட்டி, மூன்று முதல் ஏழு நாள். மலத்தில் நெய்ப்பசை தெரிய வேண்டும், நெய்யைக் கண்டாலே வெறுக்க வேண்டும், அதுவரை நிறுத்துவதில்லை. அடுத்து ஒரு நாள் எண்ணெய் தேய்ப்பும் வேதும். அன்று கபத்தைக் கிளப்பும் சாப்பாடு: தயிர், உளுந்து, எள், மீன்.

மறுநாள் காலையில் முழங்கால் உயர நாற்காலியில் உட்கார வைத்து, பாலோ அதிமதுரக் கஷாயமோ தொண்டைவரை நிரம்பக் கொடுப்பார்கள். பிறகு வாந்தி மருந்து: மருக்காரை விதைப் பொடி நாலு பங்கு, வசம்பு இரண்டு, இந்துப்பு ஒன்று, தேனில் குழைத்து. ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம்வரை காத்திருப்பது. நெற்றி வியர்க்கும், மயிர் சிலிர்க்கும், வயிறு உப்பும், வாயில் நீர் ஊறும். ஒருவர் நெற்றியைத் தாங்க, ஒருவர் முதுகைக் கீழிருந்து மேலாக நீவ, எட்டு வேகம், அதாவது எட்டு முறை வாந்தி, வந்து கடைசியில் பித்தம் விழுந்தால் உத்தமம். இடையிடையே நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். விரல் விடுவது சாஸ்திரத்திலும் உண்டு. வேகம் பாதி வந்து நிற்கும்போது, அதுவும் முக்காமல் முனகாமல். உப்பு நீர் கொடுப்பதும் மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான்.

கபம் சரியாகக் கிளம்பாவிட்டால் மருந்து கீழே இறங்கிப் பேதியாகும். வேகம் குறைந்தால் அரிப்பு, தடிப்பு, காய்ச்சல். மிஞ்சினால் நுரையும் ரத்தமும். முடிந்தபின் கஞ்சி, கெட்டிக் கஞ்சி, பயற்றுச் சாறு என்று ஏழு நாள் பத்தியம். கூட்டிப் பார்த்தால் இரண்டு வாரத்துக்கு மேல். அதே பக்கத்தின் அடியில் 'ஏழே நாளில் முழு பஞ்சகர்மா' என்று ஒரு விளம்பரம்! படம் வழக்கம்போல நெற்றியில் எண்ணெய் ஒழுகும் வெள்ளைக்காரப் பெண். கிழியும் (மூட்டை ஒத்தடம்) பிழிச்சிலும் (உடம்பெங்கும் எண்ணெய் பிழிவது) அந்த ஐந்தில் சேராது, முன்னே செய்யும் தயாரிப்பு வகை என்று முன்பே எழுதினேன். பிரசுரமாகவில்லை, இடப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டேன்.

உப்புக்கு வருகிறேன். அந்த நாலு டம்ளரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பு போட்டால் ஏறக்குறைய 35 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தினசரி அளவு 5 கிராமுக்கும் கீழ். வாந்தி வராமல் அது உள்ளேயே தங்கினால் ரத்தத்தில் சோடியம் ஏறும், வலிப்பு வரும், உயிரும் போகும். முக்கி முக்கி வாந்தி எடுத்தால் உணவுக்குழாய் கிழிந்து ரத்தம் வரலாம் என்று மல்லோரி, வைஸ் என்ற மருத்துவர்கள் எழுதியது 1929இல். விஷம் குடித்த குழந்தைக்குக்கூட வீட்டில் இபிகாக் எனும் வாந்தி மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2003இல் சொல்லிவிட்டது. 'நவீன ஆய்வுகள் நிரூபித்துவிட்டன' என்று எழுதியவர் எந்த ஆய்வைப் பார்த்தாரோ! சோரியாசிஸிலும் ஆஸ்துமாவிலும் நடந்தவை பெரும்பாலும் சில பத்துப் பேரை வைத்துச் செய்தவை, பலவற்றில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை. நெய், வேது, ஒரு வாரக் கஞ்சி எல்லாம் சேர்ந்திருக்கையில் குணம் எதனால் வந்தது என்று பிரிப்பதும் கடினம். வமனத்தை மதிப்பவன்தான் இதைச் சொல்கிறேன்.

நாகர்கோவில் கோட்டாறிலேயே அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அச்சுக்கு முன் ஒரு போன் போட்டிருக்கலாம்.

வரும் ஞாயிறு நாலு வரி போதும்: உப்புத் தண்ணீர் வமனம் அல்ல, வீட்டில் செய்யக்கூடாது, கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், இதய நோய், ரத்த அழுத்தம், வயிற்றுப் புண் உள்ளவர்கள் கிட்டேயே போகக்கூடாது. பெரிய இடம் வேண்டாம், ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓர் ஆயுர்வேத மருத்துவர்,
மார்த்தாண்டம்.