தீப்பெட்டி வீடுகளை மிதித்ததற்கு

தம்பி,

நேற்று டிசம்பர் 26. கீச்சாங்குப்பத்துக் கடலில் பால் ஊற்றிவிட்டு வந்தேன். நீ வரவில்லை, ஏன் என்று கேட்கப்போவதும் இல்லை. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் செத்தவர்கள் 6,000 பேருக்கு மேல் என்று ஒவ்வொரு வருடமும் எழுதுகிறார்கள். நமக்கு ஒருத்தி.

நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம். வாசல் மணலில் தீப்பெட்டிகளை வரிசையாக நட்டு, சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாய். சரிந்ததும் மறுபடி நட்டாய், மறுபடி ஊற்றினாய். வாயால் அந்தச் சத்தம் வேறு. மூன்றாவது நாள் எல்லாவற்றையும் மிதித்து நசுக்கினேன். உன் முதுகிலும் இரண்டு வைத்தேன். நீ அழவில்லை. இரவில் பாயை நனைத்தாய். அதற்கும் திட்டினேன்.

தப்புத்தான். ஆனால் உன் அம்மா எனக்கு அக்கா. நீ ஊற்றிய ஒவ்வொரு சொம்பும் என் தலைமேல் விழுந்தது. எனக்கு அப்போது 22 வயது. என்னை யார் தேற்றினார்கள்?

பள்ளிக்கு வந்த ஆலோசகர் அம்மாதான் சொன்னார்: வார்த்தை கிடைக்காத பிள்ளை விளையாட்டில் சொல்கிறது, தடுக்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். அதே முடிவிலேயே சுற்றினால், "இப்போது யார் காப்பாற்ற வருவார்?" என்று மெல்லக் கேளுங்கள். சோறும் பள்ளியும் தூக்கமும் தினமும் அதே நேரத்தில் இருக்கட்டும். அடுத்தது என்ன என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் இறங்கும். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

(அந்தப் பொய்யை முதலில் சொன்னது யார் என்று இங்கே எழுத மாட்டேன். சொந்தக்காரர்கள் படிப்பார்கள்.)

உட்கார்ந்தேன். எத்தனையோ நாள் கழித்து ஒரு சிரட்டையைக் கொண்டுவந்து, "சித்தி, இது படகு" என்றாய். ஒரே ஒரு தீப்பெட்டியை அதில் ஏற்றினாய். அது யார் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

சித்தி அடித்து வளர்த்தாள் என்று உன் மனைவியிடம் சொன்னாயாம். சிரட்டையைச் சொன்னாயா? விடியும் முன் ஊர் பார்க்காமல் நான் அலசிப்போட்ட பாய்களைச் சொன்னாயா?

சரி, விடு. மார்ச்சில் குழந்தை பிறந்ததும் குளிப்பாட்ட ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது நீ இன்னும் கண்ணை மூடுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

சித்தி