ராசாத்திக்காக ஓடி வந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் கோழி ராசாத்தி பிழைத்துவிட்டாள். நேற்று விடிந்ததும் தொட்டுப் பார்த்தேன், தின்றதைத் தேக்கிவைக்கும் கழுத்தடித் தீனிப்பை காலியாக இருந்தது, எல்லாம் கீழே இறங்கிவிட்டது. தட்டில் வைத்ததை யாரும் ஊட்டாமல் தானே கொத்தித் தின்றாள். எச்சமும் கெட்டியாக, மேலே வெள்ளைப் பூச்சோடு, பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது. (கோழி வளர்க்காதவர்கள் இந்த வரியை மன்னிக்கவும்.) கொண்டையில் சிவப்பு இன்னும் முழுசாக ஏறவில்லை. ஆனாலும் இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

வெப்ப விளக்கு தந்தவர், அட்டைப்பெட்டி, பழைய துண்டு, ஊசி இல்லாத சிரிஞ்ச் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்தவர்கள், நான் கண் அசந்தபோது காவல் இருந்தவர்கள், நடுராத்திரியிலும் போனை எடுத்த டாக்டர், எல்லோருக்கும் நன்றி. "ஒரு கோழிக்கா இவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, பிறகு அவர்களே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களே, அவர்களுக்கும்தான்.

ஆனால் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேறு யாரோ கொடுத்தனுப்பிய கூடையை வைத்துவிட்டுப் போகத்தான் அந்த அக்கா வந்தார். அன்று ராசாத்தி கழுத்தைத் தூக்கக்கூட முடியாமல் கிடந்தாள். மனசைத் தேற்றிக்கொள்ளும்படி எல்லோரும் எனக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அக்கா குனிந்து பார்த்தார். கண்ணையோ கொண்டையையோ அல்ல, காலை. "நகம் எவ்வளவு வளர்ந்திருக்கு பாருங்க" என்றார்.

பண்ணையின் கம்பிக் கூண்டில் சீய்க்க மண் ஏது? தேய வழியில்லாமல் நகங்கள் நீண்டு வளைந்துபோயிருந்தன. அக்கா நகவெட்டி கேட்டார். துண்டால் தளர்வாகச் சுற்றி, என் மடியில் வைத்து, "நெஞ்சை அழுத்தாம பிடிங்க, நெஞ்சு அசைஞ்சாத்தான் கோழிக்கு மூச்சு" என்றார். ஒவ்வொரு நகமாக வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே ஓடும் ரத்தக்குழாய் எதுவரை வருகிறது என்று பார்த்து, நுனியை மட்டும் துளித்துளியாக நறுக்கினார். அவசரமே இல்லை. இப்போது எதற்கு இது என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும். "எந்திரிச்சதும் சீய்க்கணும்ல" என்றார், நாளைய வேலையைச் சொல்கிற மாதிரி.

மருந்துதான் அவளைக் காப்பாற்றியது, அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் எழுந்திருப்பாள் என்று முடிவு செய்து, அதற்கான வேலையை அன்றைக்கே பார்த்தவர் அந்த அக்கா ஒருவர்தான். அதற்கப்புறம்தான் எனக்கும் கை நடுங்காமல் மருந்து கொடுக்க வந்தது.

வருஷத்துக்கு 300 முட்டை போடும்படி மனிதர்கள் உருவாக்கிய உடம்பு அது. தீனியில் சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால் முட்டை ஓட்டுக்காகத் தன் எலும்பையே கரைத்துக் கொடுக்கும். போட்டது குறைந்ததும் பண்ணைக்கு அது வேண்டாத கோழி. ராசாத்தி இனி ஒரு முட்டைகூட இடாவிட்டாலும் இங்கேதான் இருப்பாள். முட்டை எப்போது என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: இட்டாலும், மருந்து கொடுத்திருப்பதால் டாக்டர் சொல்லும் கெடு முடியும்வரை அதைச் சாப்பிடக் கூடாது. ஆகவே கேட்காதீர்கள்.

மற்ற கோழிகளோடு உடனே விட முடியாது, கொத்தியே விரட்டிவிடும். சில நாள் வலைக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும், ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும். விளக்கையும் துண்டுகளையும் இந்த வாரம் திருப்பித் தருகிறேன். கூடை கொடுத்தவர் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தெம்பு வந்ததும் ராசாத்தி முதல் வேலையாக அதன் ஓரத்தைக் கொத்திப் பிய்த்துவிட்டாள். புதிது வாங்கித் தருகிறேன்.