மலை ரயில் என்ஜினின் சத்தத்தையும் பதிவு செய்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரி மலை ரயிலைப் பற்றி நம் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது, கூடவே படமும். புகையும் மலையும் நீலப் பெட்டிகளுமாகப் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த என்ஜின் போடும் சத்தத்தைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவையில் மோட்டார் ரீவைண்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பல வருடங்களாக வீட்டில் மாடல் ரயில் வைத்திருக்கிறேன். இன்றைய மாடல் என்ஜினுக்குள் டீகோடர் என்று தபால்தலை அளவில் ஒரு சர்க்யூட் பலகை வைக்கிறோம். தண்டவாளத்தில் சுமார் 15 வோல்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், கட்டளையும் அதிலேயே சேர்ந்து போகும், ஒவ்வொரு என்ஜினும் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரே தண்டவாளத்தில் ஒன்றை ஓட்டி இன்னொன்றை நிறுத்தி வைக்கலாம். சவுண்ட் டீகோடராக இருந்தால் நிஜ என்ஜினில் பதிவு செய்த சத்தமும் அதன் நினைவகத்தில் இருக்கும், சக்கரம் சுற்றச் சுற்ற ஒரு குட்டி ஸ்பீக்கர் வழியாக அது வெளியே வரும். ஜெர்மனியின் ஈஎஸ்யு, ஆஸ்திரியாவின் ஜிமோ, அமெரிக்காவின் சவுண்ட்டிராக்ஸ் ஆகியவை இதில் பேர்போன கம்பெனிகள்.

பொருத்துவது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். டீகோடரின் சிவப்பு, கறுப்பு வயர்கள் தண்டவாளத்திலிருந்து வரும் கரண்டுக்கு, ஆரஞ்சு, சாம்பல் வயர்கள் மோட்டாருக்கு. பழைய மாடல்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ் (சுழலும் பகுதிக்குக் கரண்டைக் கொடுக்கும் துண்டு) நேராகச் சேசிஸில், அதாவது உலோக அடிச்சட்டத்தில், தொட்டுக்கொண்டிருக்கும், அதை முதலில் பிரித்துவிட வேண்டும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, பிரஷ்ஷுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை என்று உறுதியான பிறகுதான் டீகோடரைக் கையில் எடுக்கணும். என் முதல் என்ஜினை நான் நம்பி வெளியே ஒருவரிடம் கொடுத்தேன், அவர் இதைப் பார்க்காமலே வயரைப் பற்றவைத்துவிட்டார், தண்டவாளத்தில் வைத்ததும் மெல்லிய புகை வந்து டீகோடர் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பொருள், சுங்க வரியும் கட்டியது. அன்றிலிருந்து எல்லாம் நானேதான் செய்கிறேன்.

ஸ்பீக்கர் விஷயத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. டெண்டரில், அதாவது என்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் வைக்கும் வண்டியில், இடம் இருக்கிறதே என்று ஸ்பீக்கரை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். முன்பக்கம் வரும் ஒலியும் பின்பக்கம் வரும் ஒலியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கொசு ரீங்காரம் போல ஒன்றுதான் மிஞ்சும். வீணைக்குக் குடம் இருப்பது போல ஸ்பீக்கருக்கும் பின்னால் காற்றுப் புகாத ஒரு சின்னப் பெட்டி வேண்டும், விளிம்பில் ஊசி நுழைய இடம் இருந்தாலும் போச்சு. 11க்கு 15 மில்லிமீட்டர் இருக்கும், சர்க்கரைக்கட்டி (சுகர் கியூப்) என்று சொல்லும் குட்டி ஸ்பீக்கர்கூட ஒழுங்காக அடைத்து வைத்தால் கூடம் முழுக்கக் கேட்கும். அப்புறம் கொஞ்சம் கரண்டைச் சேமித்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டர் சேர்த்துவிட்டால், தண்டவாளத்தில் தூசு இருக்கிற இடத்தில் சத்தம் பாதியில் அறுந்துபோகாது.

சரி, இவ்வளவும் செய்து முடித்தபின் அந்த என்ஜினுக்குள் யாருடைய சத்தம் இருக்க வேண்டும்? என் கவலை அங்கேதான். இரண்டு சிலிண்டர் நீராவி என்ஜினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் புகைபோக்கியில் நான்கு முறை 'குப்' என்று வரும். நம் பக்கத்தில் மீட்டர் கேஜில் (ஒரு மீட்டர் அகலப் பாதையில்) ஓடிய ஒய்பி வகை நீராவி என்ஜின் அப்படித்தான். 1923ல் இங்கிலாந்தில் கட்டிய, நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனுக்கு மூன்று சிலிண்டர், அதனால் சுற்றுக்கு ஆறு. என்னிடம் அந்த மாடல் ஒன்று இருக்கிறது, வாங்கும்போது அதில் ஏற்றிக் கொடுத்திருந்தது நான்கு 'குப்' உள்ள வேறேதோ என்ஜினின் சத்தம். வருகிறவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் உறுத்திக்கொண்டே இருந்தது, கடைசியில் சரியான ஃபைலைத் தேடி வாங்கி ஏற்றிய பிறகுதான் நிம்மதி.

நம் நீலகிரி மலை ரயிலின் நீராவி என்ஜினுக்கு, எக்ஸ் கிளாஸ் என்பது அதன் வகைப் பெயர், அப்படி ஒரு ஃபைல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. அதை 1:87 அளவில், 12 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்குச் செய்து வைத்திருக்கிறேன். எட்டுச் சக்கரமும் சுற்றுகிறது, முன்விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் ஏதோ ஒரு ஜெர்மன் என்ஜினுடையது. விசிலைக் கேட்டதுமே என் பேத்தி, "தாத்தா, இது நம்ம ஊட்டி ரயில் இல்லை" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரி.

அந்த என்ஜினைப் போல ஒலிக்கும் என்ஜின் உலகத்தில் ரொம்பக் குறைவு. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலையின் வடிவமைப்பு, மொத்தம் நான்கு சிலிண்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லார் வரை சமதளத்தில் கீழே உள்ள இரண்டு சிலிண்டர் மட்டும் வேலை செய்யும், அதுவரை சாதாரண நீராவி என்ஜின் மாதிரியே கேட்கும். கல்லாரில் நடுவே பல் தண்டவாளம் தொடங்கி, சுமார் 12 அடிக்கு ஓர் அடி என்று ஏற்றம் வருகிறது. அங்கே ஒரு முறை உழைத்த நீராவியையே மேலே இருக்கும் இரண்டு சிலிண்டர்களுக்கு அனுப்பி, அவை கியர் வழியாகப் பல்சக்கரத்தைத் திருப்பும். அந்தச் சிலிண்டர்களின் தண்டு கீழுள்ள சக்கரங்களைவிட வேகமாகச் சுற்றும். அதனால் வண்டி நடந்துபோகிற வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்க, புகைபோக்கி மட்டும் படபடவென்று அடிக்கும். ஏற்றத்தில் உள்ள ஹில்குரோவ் ஸ்டேஷன் பக்கம் பாதையோரமாக நின்று கேட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

இதை மாடலில் கொண்டுவர முடியும். கையில் இருக்கும் கன்ட்ரோலரில் ஒரு ஃபங்ஷன் பட்டனை ஒதுக்கி, அதை அழுத்தினால் பல்சக்கரச் சத்தத்துக்கு மாறும்படி ஃபைலை அமைக்கலாம். அதற்கு நல்ல ஒலிப்பதிவு வேண்டும். இணையத்தில் மலை ரயில் வீடியோவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஒன்றும் உதவாது. குகைக்குள் போனதும் பயணிகள் எல்லோரும் ஒரே சத்தமாகக் கூச்சல் போடுவார்கள், அது அவர்கள் சந்தோஷம், தப்பில்லை, ஆனால் என்ஜின் அதில் அமுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு அந்த ரயிலில் என்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது, முன்பெட்டியில் உட்கார்ந்து செல்போனில் எடுத்தவருக்குச் சக்கர ஓசைதான் கிடைத்திருக்கும்.

டீகோடருக்குத் தேவைப்படுவது தனித்தனித் துண்டுகள். நின்றுகொண்டிருக்கும்போது பாய்லர் மூச்சுவிடும் சத்தம், சிலிண்டர் தண்ணீரை வெளியேற்றும் சீற்றம், புறப்படும்போது வரும் கனமான முதல் நான்கு 'குப்', வேகம் கூடியபின் வருவது, பல் தண்டவாளத்தில் ஏறும்போது வருவது, நீராவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டரை மூடி இறங்கும்போது வருவது, பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர், சேஃப்டி வால்வு, பிரேக், நீள விசில், குட்டை விசில். நிலக்கரி என்ஜின் என்றால் மண்வெட்டி உரசும் சத்தமும் அடுப்புக் கதவும் வேண்டும். பொன்மலைப் பணிமனையில் எண்ணெயில் ஓடும் என்ஜின்களும் கட்டியிருக்கிறார்கள், அவற்றில் மண்வெட்டிக்குப் பதில் பர்னரின் இரைச்சல், ஆகவே இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

தெற்கு ரயில்வேக்கு நான் வைக்கும் கோரிக்கை இதுதான். குன்னூர் லோகோ ஷெட்டிலிருந்து பயணிகள் இல்லாமல் என்ஜினை ஓட்டிப் பார்க்கும் ஏதாவது ஒரு நாளில், ஒலிப்பதிவு தெரிந்த இரண்டு பேரை நல்ல மைக்கோடு அனுமதியுங்கள். புகைபோக்கிக்குப் பக்கத்தில் ஒன்று, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, கேபினில் ஒன்று என்று மூன்று மைக் போதும். அந்தப் பதிவைப் சென்னை பெரம்பூரில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கம் உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் வைத்து, கேட்பவர்களுக்கு இலவசமாகக் கொடுங்கள். 2005ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட ரயில் அது, தண்டவாளத்தையும் பெட்டியையும் காப்பாற்றுகிற அக்கறை அதன் குரலுக்கும் வேண்டாமா? மாடல் செய்கிற எங்கள் நாலு பேருக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கணும். எக்ஸ் கிளாஸாவது இன்னும் ஓடுகிறது, ஒய்பி என்ஜின்கள் நம் பக்கம் ஓடுவது எப்போதோ நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் டேப் ரெக்கார்டர் வாங்கியவர்கள் பாட்டு, குழந்தை அழுகை, கல்யாண நாதஸ்வரம் என்று எதையெல்லாமோ பதிந்து வைத்தார்கள். விழுப்புரம், திருச்சி, மதுரைப் பக்கம் ரயில்வே குடியிருப்பில் இருந்தவர்கள் யாராவது நீராவி என்ஜினையும் பதிந்திருக்கலாம். பரண் மேல் அப்படி ஒரு கேசட் கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், நாடா ஒட்டிப் போயிருந்தாலும் பரவாயில்லை, இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நானே நேரில் வந்து, உங்கள் முன்னாலேயே பிரதி எடுத்துக்கொண்டு கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்