கயல் கண்ணுக்கு, அம்மா எழுதுவது

கயல் கண்ணு,

போன் செய்தால் "அப்புறம் கூப்பிடுறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மெஸ்ஸில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? ராத்திரியில் வெறும் பிஸ்கட்டோடு படுக்காதே.

பிஎச்.டி. ஆய்வேட்டுக்கு முன்னால் கொடுக்கும் சுருக்கம், அந்த சினாப்சிஸ் எப்போது என்று நான் கேட்கப்போவதில்லை. 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பிஎச்.டி. முடிக்க அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை என்று தம்பி படித்துக் காட்டினான். சும்மா தெரிந்துகொள்ளத்தான் அவனிடம் கேட்டேன். உன் மாமா வேறு, உதவிப் பேராசிரியர் ஆக நெட் தேர்வு போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை என்று 2023லேயே சொல்லிவிட்டார்களே, இவள் ஏன் இழுத்துக்கொண்டிருக்கிறாள் என்கிறார். வேலைக்காக மட்டுமா அவள் படிக்கிறாள் என்று நன்றாகக் கொடுத்தேன். கொடுத்துவிட்டேனே தவிர, அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

ஆய்வுக்காகப் பள்ளிக்கூடங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாயாமே? ஆசிரியர்களுக்குக் கூகுள் ஃபார்ம் அனுப்பி முடித்துவிடலாம் என்றிருக்கிறாயாம். இதுவும் தம்பி சொல்லித்தான் தெரிந்தது.

நான் டீச்சராக இருந்த காலம். பிள்ளைகள் அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில வருடத்தில் எங்கள் ஒன்றியத்துக்கும் வந்தது. சுவரில் அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணிப்படம், தட்டில் அட்டைகள், பிள்ளைகள் உட்கார்ந்து எழுத கீழ்மட்டக் கரும்பலகை. அப்போது ஒரு பல்கலைக்கழகக் கல்வியியல் துறையிலிருந்து ஒருவர் வந்தார். 'முழுமையாக ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை 5 கட்டம் போட்ட தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வகுப்புக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முடிவு என்ன வந்ததென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பார்த்திருந்தால் சூளைக்காரர் மகனைப் பார்த்திருப்பார். தினமும் அதே அட்டையைத்தான் எடுப்பான். ஓரமெல்லாம் பிய்ந்து போன அட்டை. படிக்கத் தெரியாமல் இல்லை. அடுத்த அட்டைக்கு டீச்சரிடம் வர வேண்டும், வந்தால் வாயைத் திறக்க வேண்டும், அந்தப் பயம். இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

நீ ஆய்வுக்கு எடுத்திருப்பது, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். அரும்பிலேயே நின்றுவிட்ட பிள்ளை ஏன் நின்றது என்று கூடவே உட்கார்ந்து பார்க்க வகுப்பு டீச்சருக்கு எங்கே நேரம்? பதிவேடு எழுதவே பொழுது போய்விடும். அதைப் பார்ப்பதற்குத்தானே பல்கலைக்கழகத்தில் உங்கள் துறையை வைத்திருக்கிறார்கள்? பி.எட். பிள்ளைகளுக்கு நாளைக்கு நீ எதைச் சொல்லிக் கொடுப்பாய், பழைய நோட்ஸையா? நீ எம்.எட். படிக்கும்போது ஒவ்வொரு லீவிலும் என் வகுப்பில் கடைசிப் பாயில் உட்கார்ந்து எழுதினாயே, அந்த நோட்டை ஹெச்.எம். எல்லோரிடமும் காட்டினார். யாரும் உன்னை உட்காரச் சொல்லவில்லை.

உன் ஆய்வுக் கமிட்டியில் யாராவது ஏதாவது சொன்னார்களா? சொல்ல வேண்டாம் என்றால் வேண்டாம். சாப்பிடு, அது போதும்.

நம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் இப்போது இருப்பவள் என்னோடு வேலை பார்த்தவள்தான். அனுமதிக் கடிதம் இருந்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் வகுப்பில் உட்காரட்டும் என்கிறாள். திங்கள்கிழமை வருவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிறு ராத்திரி பஸ்ஸுக்குத் தம்பி டிக்கெட் போட்டுவிட்டான். ஜன்னல் சீட்.

அம்மா