டிஸ்போசல் சக்திமான் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கானாடுகாத்தான் வீட்டு வாசலில், ராணுவம் டிஸ்போசல் என்று கழித்துவிட்ட ஒரு சக்திமான் லாரியை நிறுத்த வேண்டும் என்று இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் சாவி போட்டதும் என்ஜின் ஓடுகிறது, ஆனால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும், அதை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் முன் பக்கத்ததையும் யாரோ கழற்றிவிட்டார்கள். இன்னொன்று பல வருடமாக அசையாமல் நிற்கிறது, ஆனால் அதிலிருந்து யாரும் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. எதை எடுக்கலாம் என்கிறீர்கள். நிற்கிற வண்டியை எடுங்கள்.

சக்திமான் ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த வண்டி. பிற்பாடு வந்த அசோக் லேலண்டின் ஸ்டாலியன் ராணுவ லாரிக்கு என்ஜின் சாமான் வேண்டுமென்றால் லேலண்டு லாரிகளுக்கு விற்கிற கடையில் பாதி கிடைத்துவிடும். சக்திமானுக்குச் சந்தையில் அப்படி உடன்பிறந்தது எதுவும் இல்லை. அதன் என்ஜினுக்கு லைனர் (சிலிண்டருக்குள் போடும் உறை) கடைந்து போடலாம், பேரிங்கை எண் பார்த்து வாங்கலாம், டீசலைத் தெளிக்கும் நாசிலையும் டீசல் பம்ப்பையும் திருச்சியில் சரிசெய்துவிடலாம். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சிலின் முனை ஜாயிண்ட், கேபின் கதவு, பானெட் தகடு, மீட்டர் பலகை போனால் மட்டும் இன்னொரு சக்திமானை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே வண்டியில் எது இல்லை என்பதை முதலில் பாருங்கள். ஓடுகிறதா என்பது அதற்குப் பிறகுதான்.

அதற்கும் முன்னால் காகிதம். ராணுவ வண்டிகள் பெரும்பாலும் மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசியின் மின் ஏலத்தில் போகின்றன. இருக்கிற நிலையில், இருக்கிற இடத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஏலத் தொகைக்கு மேல் வரி உண்டு. குறித்த நாளுக்குள் தூக்காவிட்டால் தரை வாடகையும் ஏறும். ஒன்றாகச் சேர்த்து ஏலம் விடும் ஒரு லாட்டில் மூன்று வண்டி இருந்தால் மூன்றையும் எடுத்தாக வேண்டும். வண்டியாக விற்கிறார்களா, கழிவு இரும்பாக விற்கிறார்களா என்பதை அறிவிப்பில் வரிவரியாகப் படியுங்கள். பதிவுபெற்ற வாகன அழிப்பு மையங்கள் மட்டுமே ஏலம் கேட்கலாம் என்று நிபந்தனை போட்டிருந்தால் நீங்கள் கேட்க முடியாது. ஏலம் எடுத்தவரிடம் பாகமாகத்தான் வாங்கலாம். முன்னாள் ராணுவ வண்டியைப் பதிவுசெய்யப் படிவம் 21-இல் அசல் விற்பனைச் சான்று கேட்பார்கள். இரும்பாக விற்றதற்கு அது கிடைக்காது. 50 வயது கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும்தான். லாரி அதில் சேராது. ரோட்டில் ஓட்டுவதை மனசில் வைத்துப் பணம் போடாதீர்கள். வாசலில் நிறுத்தவும் சொந்தத் தோப்புக்குள் ஓட்டவும் என்றால் சரி. ரோட்டுக்கு வரும் வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்கவும் கூடாது, அந்த நிறம் பாதுகாப்புத் துறைக்கே உரியது. ஒரு வண்டியின் சேசிஸ் எண்ணை இன்னொன்றில் கொத்தலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது சின்னச் சுத்தியல், காந்தம், டார்ச், ஸ்பேனர் செட் கொண்டுபோங்கள். சேசிஸ் ரிவெட்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் துரு உள்ளே புகுந்திருக்கிறது. கேபின் தரை ஓரத்தில் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஆக்சில் என்று ஒவ்வொன்றின் அடி நட்டையும் அனுமதி கேட்டு லேசாகத் தளர்த்துங்கள். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கும், அதுதான் முதலில் சொட்டும். வெறும் சொட்டென்றால் பரவாயில்லை. மோர் மாதிரி வெளுத்து வந்தால் பேரிங், பல் எல்லாம் அரித்திருக்கும் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

கொண்டுவரும்போது டிரெய்லரில் ஏற்றுவதே நல்லது. கட்டி இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் சக்கரம் சுற்றும்போது கியர்பாக்ஸின் வெளித்தண்டு சுற்றும், எண்ணெயை வாரி இறைக்கும் கீழ்த்தண்டு சுற்றாது. காரைக்குடி வந்து சேர்வதற்குள் பேரிங் காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

வந்தவுடன் பேட்டரி வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டாம். நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 25 மில்லி என்ஜின் ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். இடையில் தடுத்தால் பலம் காட்டாதீர்கள். வால்வு ஒட்டியிருக்கலாம், பலமாகச் சுற்றினால் அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும். பழைய டீசலை முழுக்க வடித்து டேங்கைக் கழுவி ஃபில்டரை மாற்றுங்கள். இனி வருவதுதான் ஆபத்தான இடம். பல வருடம் நின்ற டீசல் பம்ப்பில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற கம்பி பழைய டீசல் பிசினில் ஒட்டிக்கொள்ளும். ஃபுல் டீசலில் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து வேகம் ஏறிக்கொண்டே போகும், ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு என்ஜின் பிளாக்கை உடைத்து வெளியே வரும். பம்ப்பின் பக்க மூடியைத் திறந்து ராக் வழுக்கிப் போய்வருகிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, காற்று வாயை அடைக்க ஒரு கனமான பலகையோடு ஓர் ஆள் பக்கத்தில் நிற்கட்டும். கையை வைத்து அடைக்கக் கூடாது.

சக்கரம் இன்னும் பொல்லாதது. டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் இரும்பு வளையமான லாக் ரிங் துருப்பிடித்திருந்தால், காற்று ஏற்றும்போது தெறித்து ஆளையே கொல்லும். போல்ட்டில் கை வைக்குமுன் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க இறக்குங்கள். இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டிலும். காற்று ஏற்றுவது இரும்புக் கூண்டுக்குள்தான், நீளமான ஹோஸோடு. டயரில் பட்டன் நிறைய இருக்கிறது என்று மயங்காதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 3409 என்றால் 2009-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம். அந்த வயசுக்கு அது வண்டியை நகர்த்த மட்டுமே உதவும்.

என்ஜின் ஓடுகிற அந்த வண்டியும் இரும்பு விலைக்கு வந்தால் பாகத்துக்காக வாங்கிப் போடுங்கள். என்ஜினை உடனே விற்றுவிடாதீர்கள். எண்ணெயோடு, வாய்களை அடைத்து வைத்தால் அது உங்களுக்கே உதவும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் ஓட்டையிலேயே கையால் திருகிவையுங்கள்.

பிரிக்கிற வேலை கொல்லையில் நடக்கட்டும். முகப்பில் பாவிய ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சொட்டுக் கியர் ஆயில் இறங்கினால் எந்தத் தேங்காய் எண்ணெய்த் துடைப்பிலும் அந்தக் கறை போகாது. ஐயா காலத்துக் கார் ஷெட்டின் வாசலும் பழைய கார்களுக்கு வைத்த உயரம். பின்னால் படுதாவைத் தாங்கும் வளைவுக் கம்பிகளோடு லாரி அதில் நுழையுமா என்று தெரியவில்லை. ஏலத்தில் விலை கேட்குமுன் உயரம், அகலம் இரண்டையும் அளந்து எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்