குழந்தைகளின் விபத்து வழக்குகளில் நீங்கள் போடும் கணக்கு: காப்பீட்டு நிறுவன அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் மோட்டார் இழப்பீட்டுப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். வாகன விபத்தில் காயமுற்றவர்களுக்காக மாவட்டத் தீர்ப்பாயம் ஒன்றில் வழக்காடுபவன் நான். காயம்பட்ட குழந்தைகளின் வழக்குகளை மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிக்க வரும்போது நீங்கள் சொல்லும் தொகை எந்தக் கணக்கில் பிறக்கிறது என்பது ஒன்றே இம்மடலின் பொருள். சமரசம் கூடாது என்பது என் கருத்தன்று. ஐந்தாறு ஆண்டு கழித்து வரும் பெரிய தொகையைவிட இன்று கிடைக்கும் நியாயமான தொகை ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தேவை என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

உங்கள் தரப்பு பெரும்பாலும் கையில் எடுப்பது 2013இல் உச்ச நீதிமன்றம் ஒரு சிறுவனின் வழக்கில் வகுத்த படிநிலையைத்தான். ஊனம் 10 சதவீதத்துக்கு மேல் 30 வரை என்றால் 3 லட்சம், 60 வரை 4 லட்சம், 90 வரை 5 லட்சம், அதற்கு மேல் 6 லட்சம். சிகிச்சைச் செலவும் உதவியாளர் செலவும் அத்தொகைக்குப் புறம்பே என்று அதே தீர்ப்பு கூறுவதைச் சமரச மேசையில் யாரும் நினைவூட்டுவதில்லை. அதைவிட முக்கியமானது, அந்தப் படிநிலையைத் தாண்டிச் சட்டம் வெகுதூரம் வந்துவிட்டது என்பது.

ஹரியானாவில் 2007இல் நடந்த விபத்தில் மூளை பாதிக்கப்பட்டு, வாழ்நாள் முழுதும் பிறரைச் சார்ந்திருக்க நேர்ந்த 12 வயதுச் சிறுமியின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாயம் சுமார் 11 லட்சமும், உயர் நீதிமன்றம் சுமார் 25.78 லட்சமும் வழங்கியிருந்த நிலையில், 2020இல் உச்ச நீதிமன்றம் அதை 62.27 லட்சமாக உயர்த்தியது. இரக்கத்தால் உயர்ந்த தொகை என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அதன் பின்னே கறாரான கணக்கு இருக்கிறது. சம்பாதிக்காத குழந்தைக்கு ஏதோ ஓர் உத்தேச வருமானத்தை வைக்காமல், திறன்பெற்ற தொழிலாளிக்கு அம்மாநிலத்தில் அன்றிருந்த குறைந்தபட்ச மாத ஊதியமான 4,846 ரூபாயை எடுத்து, எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்து, வயதுக்கேற்ப எத்தனை ஆண்டு வருமானத்தைக் கணக்கிட வேண்டும் என்பதைக் குறிக்கும் 18 என்ற பெருக்கெண்ணால் பெருக்கினார்கள். உதவியாளர் செலவையும் மொத்தமாக ஒரு தொகை என்று விடாமல், ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு உதவியாளருக்கு 10,000 ரூபாயை அதே பெருக்கெண்ணால் பெருக்கி 21.60 லட்சம் என்று கண்டார்கள்.

2025இல் குஜராத்தைச் சேர்ந்த, விபத்து நடந்தபோது 8 வயதாயிருந்த சிறுவனின் வழக்கிலும் இதே முறைதான். உயர் நீதிமன்றம் கொடுத்த 8.65 லட்சம் அங்கே ஏறத்தாழ 35.90 லட்சமாயிற்று. அத்தீர்ப்பு உங்களுக்கென்றே ஒரு கடமையையும் விதித்திருக்கிறது. குறைந்தபட்ச ஊதிய அட்டவணையை மனுதாரர் தாக்கல் செய்யாவிட்டால், அதைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்தைச் சேரும். அதன்படி அட்டவணையைத் தாங்களாகவே தாக்கல் செய்த நிறுவனம் எதையும் எங்கள் தீர்ப்பாயத்தில் நான் இதுவரை கண்டதில்லை.

குழந்தையின் காயம் பெரியவர்களின் காயத்தைப் போன்றதன்று என்பதையும் உங்கள் கணக்கு பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. எலும்பு நீள்வதற்கு இடமான அதன் முனைப்பகுதியில், அதாவது வளர்ச்சித் தட்டில், அடிபட்டால், முறிவு கூடி ஆறியபின்னும், அந்தக் கால் மற்றக் காலோடு சேர்ந்து வளராமல் நிற்பது சில ஆண்டுகள் கழித்தே வெளிப்படலாம். கால் அகற்றப்பட்ட குழந்தைக்கு, உடல் வளர வளரச் செயற்கைக் காலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சிய எலும்பு தோலை முட்டிக்கொண்டு நீள்வதால் மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படுவதும் உண்டு. 8 வயதில் மருத்துவ வாரியம் கொடுத்த ஊனச் சான்றிலுள்ள சதவீதம், 16 வயதில் அந்தப் பிள்ளையின் உண்மை நிலையாக இருக்கும் என்று எந்த எலும்பு மருத்துவரும் உறுதி சொல்லமாட்டார். இழப்பீடோ ஒரே தடவை கொடுக்கப்படுவது; பின்னால் கால் குட்டையாகிவிட்டது என்று வழக்கைத் திறக்க வழியில்லை.

மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதை இறுதியாக்கிவிடுகிறது. கையெழுத்திடுவது குழந்தை அல்ல, தாயோ தந்தையோ. மருத்துவமனைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் அவர்களிடம், 'இன்று ஒத்துக்கொண்டால் இவ்வளவு, இல்லாவிட்டால் உயர் நீதிமன்றம்வரை போவோம்' என்று உங்கள் நிறுவனம் அமர்த்திய பேனல் வழக்கறிஞர் சொல்லும்போது, அவர்கள் எடுக்கும் முடிவைச் சுதந்திரமான சம்மதம் என்று என்னால் கருத முடியவில்லை. மைனர் தரப்பில் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான வழக்குகளைப் பார்க்கும் அமர்வு, கணக்கே இல்லாத ஒற்றைத் தொகையில் எதைத்தான் சரிபார்க்கும்?

பிள்ளை திடீரென்று குறுக்கே ஓடியது என்ற எதிர்வாதத்தை இங்கே விரித்துப் பேசப்போவதில்லை. சிறு குழந்தையின் மேல் கவனக்குறைவைச் சுமத்த நீதிமன்றங்கள் பொதுவாக இசைவதில்லை என்பது தெரிந்தும், எல்லா எதிர்வுரைகளிலும் அதே வாக்கியம் நகலெடுக்கப்பட்டு வருகிறது.

நான் கேட்பது இதுதான். காயம்பட்ட குழந்தையின் வழக்கில் நீங்கள் முன்வைக்கும் தொகை எழுத்தில் இருக்கட்டும். விபத்து நடந்த ஆண்டுக்குரிய குறைந்தபட்ச ஊதியம், எதிர்கால உயர்வு, பெருக்கெண், ஊனச் சதவீதம், உதவியாளர் செலவு, செயற்கை உறுப்பும் அதை மாற்றும் செலவும், இனிவரும் அறுவை சிகிச்சை ஆகியவை அதில் தனித்தனி வரிகளாக வரட்டும். எந்த வரியை ஏற்கவில்லையோ அங்கே காரணத்தை எழுதுங்கள். அந்தத் தாளை மக்கள் நீதிமன்ற நாளுக்குப் பத்து நாட்கள் முன்னதாகவே பெற்றோருக்கும் அவர்களுடைய வழக்கறிஞருக்கும் கொடுத்துவிடுங்கள். சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் அவர்கள் அதைக் காட்டிக் கேட்டுவர அவ்வளவு அவகாசமாவது வேண்டும்.

இப்படிக்கு,
மாவட்டத் தீர்ப்பாயமொன்றில் வழக்காடும் வழக்கறிஞர்